பனிக்கோழி இறங்கி வந்த காலை

நம் பக்கத்தில் பனி என்றால் புல் நுனியில் நிற்கிற ஈரம். ஆளையே மூடுகிற பனி விழும் வடமலை நாட்டில், வணிகர்கள் கழுதை மேல் சரக்கேற்றிப் போன அந்த நாளில் நடந்தது இது. கேளுங்கள்.

கொற்கை முத்து வணிகன் நன்னாகன் அங்கே ஒரு சிற்றூரில் காய்ச்சலில் விழுந்தான். தாஷி என்ற குடியானவனும் அவன் மனைவி தோல்மாவும் அவனை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கூட வந்த வணிகர்கள் கணவாயைக் கடந்து, அப்பாலுள்ள அடிவாரத்தில் பௌர்ணமி வரை காத்திருப்பதாகச் சொல்லிப் போனார்கள். பிந்தினால் கள்வர் திரியும் காட்டுவழியில் அவன் தனியாகத்தான் போக வேண்டும்.

தோல்மாவுக்கு ஒரு வழக்கம். விடிந்ததும் தோட்டத்தில் வாதுமை மரத்தடியில் பனியை விலக்கி, வாற்கோதுமை இறைப்பாள். பிறகு நின்று பார்ப்பாள்.

முதல் நாள் தோட்டத்துக் குருவிகள் வந்தன.

"எனக்குக் கஞ்சியை அளந்து ஊற்றுகிறவள், குருவிக்கு அள்ளி வீசுகிறாள்" என்றான் தாஷி.

"குருவி உப்பில்லை என்று முகம் சுளிப்பதில்லை" என்றாள் அவள்.

இரண்டாம் நாள் நடுமலையில் வாழும் மஞ்சள் அலகுக் காகங்கள் வந்தன. தோல்மா இன்னும் ஒரு பிடி இறைத்தாள்.

மூன்றாம் நாள் நன்னாகனுக்கு உடம்பு தேறியிருந்தது. பௌர்ணமிக்கு இரண்டே நாள். கணவாயைக் கடக்கவும் இரண்டு நாள் வேண்டும். வானம் கழுவி விட்டாற்போல் நீலமாக இருந்தது. கழுதை மேல் மூட்டையைக் கட்டினான்.

தோட்டத்திலிருந்து தோல்மா கூப்பிட்டாள். "வணிகரே, இன்று போக வேண்டாம்."

"மேகமே இல்லையே அம்மா. வானம் பார்த்துப் பயணம் போயே வளர்ந்தவன் நான்."

"அங்கே நிற்கிறதைப் பாருங்கள். பனிக்கோழி. கணவாய் உச்சியிலேயே பிறந்து அங்கேயே சாகிறது. மனிதர் வாடை பட்டால் பறந்துவிடும். அதுவே என் வாசலுக்கு வந்திருக்கிறது என்றால், மேலே அதனாலேயே தாங்க முடியாத ஏதோ வருகிறது."

நன்னாகன் மரத்தடிக்குப் போனான். கை தட்டினான். கோழி நகரவில்லை. இன்னும் இரண்டடி வைத்தான். அவனை ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் தானியத்தைக் கொத்தியது.

அவன் திரும்பி வந்து மூட்டையை அவிழ்த்தான்.

நண்பகலுக்கு மேல் காற்று எழுந்தது. ஐந்து நாள் பனி கொட்டியது. கதவைத் திறக்க முடியவில்லை. ஆறாம் நாள் வெயில் வந்தது. பனி இறுக மேலும் மூன்று நாள் காத்திருந்தார்கள். பறவைகள் மேலே திரும்பின. நன்னாகன் அவற்றின் பின்னே புறப்பட்டான்.

கணவாய் உச்சியில், முன்பு மூட்டை கட்டிய நாளின் இரவு அவன் தங்க எண்ணியிருந்த கல்குடிசை பனிச்சரிவுக்கு அடியில் கிடந்தது. கூரையின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. நன்னாகன் தோல்மாவின் ஊர் இருந்த பக்கம் திரும்பிக் கைகூப்பினான். அப்பால் அடிவாரத்தில் அவன் கூட்டமும் பனியில் நகர முடியாமல் அங்கேயே இருந்தது.

சிற்றுயிர்களுக்கு இரங்கி, அவற்றைக் கவனித்துப் பார்க்கிறவர்களின் சொல்லைக் கேட்பவன் பிழைப்பான்.