காலுக்குப் பின்னால் ஒரு புத்தகம்

பூதத்தான் டைல்ஸ் கடையில் வேலை பார்ப்பவர். சிலம்பப் பைத்தியம். அதைவிடப் பெரிய பைத்தியம், சண்டைக்கலைப் புத்தகங்கள். களத்துக்கு யார் புதிதாக வந்தாலும், அவர் கம்பைப் பிடிக்கும் முன்பே கையில் ஒரு புத்தகத்தைத் திணித்துவிடுவார்.

"காலடிக்கு இது. மூச்சுக்கு அது. மொதல்ல இதப் படிங்க."

போன வருடம் தன்னைத் தோற்கடித்தவனுக்கே ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார் என்றால் பாருங்களேன்!

அந்தத் தோல்விதான் அவரைத் தூங்கவிடவில்லை. எதிராளி வேகமாக ஏறி வந்தால் போதும், கால் தானாகப் பின்னே போகும். வட்டத்துக்கு வெளியே போனால் ஆட்டம் முடிந்தது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அப்படியேதான் ஆயிற்று. நாளை மறுபடி போட்டி. அதே எதிராளி.

ஆசான் இசக்கியம்மாள் அவரைவிட வயதில் இளையவர். களத்தின் ஓரத்தில் கம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பூதத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், களத்தைச் சுற்றி வந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"ஆசான், பின்னாடி போகாம நிக்கதுக்கு எந்தப் புத்தகம் படிக்கணும்?"

"உங்களுக்குத் தெரியாத புத்தகமா அண்ணாச்சி? ஊருக்கே நீங்கதான சொல்லுதீங்க!"

"எல்லாம் படிச்சாச்சு. இந்தப் பாழாப்போன கால் கேக்க மாட்டேங்குதே. நாளைக்கும் தோத்தேன்னா கம்பை முறிச்சு அடுப்புல வச்சிருவேன். சத்தியமா."

"இருக்கதுலயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

பூதத்தான் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஓரம் நைந்து, பிரவுன் தாளில் அட்டை போட்டிருந்தது. ஆசான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவரைக் கம்போடு எழுந்து நிற்கச் சொன்னார். புத்தகத்தை அவர் குதிகாலுக்குப் பின்னால் மண்ணில் வைத்தார்.

"ஐயோ, கால் பட்டுருமே ஆசான்!" பூதத்தான் பதறிக் குனிந்து, புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"படாமப் பாத்துக்கிடுங்க."

சொல்லிக்கொண்டே ஆசான் கம்போடு பாய்ந்தார். தோளில் ஒன்று விழுந்தது. விலாவில் ஒன்று. பூதத்தான் வழக்கம்போல் வலது காலைப் பின்னே எடுத்தார். புத்தகம் நினைவுக்கு வந்தது. தூக்கிய காலை முன்னே ஊன்றினார். அடுத்த அடியைத் தடுத்தார். அதற்கடுத்ததையும் தடுத்து, திருப்பி வீசினார். இந்த முறை ஆசான்தான் பின்னே போக வேண்டியதாயிற்று.

பூதத்தானுக்கு மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தார். புத்தகம் வைத்த இடத்திலேயே கிடந்தது. எடுத்து மண்ணைத் தட்டியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை.

"நாளைக்கு வட்டத்துக்குள்ள புத்தகம் வைக்க விட மாட்டாங்களே ஆசான். அப்ப நான் என்ன செய்வேன்?"

ஆசான் மறுபடி எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டார்.

"புத்தகம் வீட்ல இருக்கட்டும் அண்ணாச்சி. அது கிடந்த இடத்தை மட்டும் கொண்டு போங்க."