மூன்று மட்டை அலை

ஒரு சவுக்குக் காடு நீண்டுகொண்டே போய், கடைசியில் கடலில் கால் நனைத்து நின்றது. அந்த இடத்தில் ஒரு சிற்றாறும் கடலில் வந்து விழுந்தது. கரைக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், ஒரு கரும்பாறை நீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டு விலங்குகளுக்கெல்லாம் அலைப் பைத்தியம். காலையில் ஒன்றையொன்று பார்த்தால் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதில்லை. "இன்றைக்கு எத்தனை மட்டை?" என்றுதான் கேட்கும். ஒரு பனைமட்டையை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு உயரமோ, அதுதான் ஒரு மட்டை. அரை மட்டை அலைக்கே முயல்கள் அலறிக்கொண்டு ஓடும். ஒன்றரை மட்டை வந்தால் பாதிக் காடு கரையில் நிற்கும்.

எத்தனை மட்டை என்று சொல்வது செங்கால் என்ற ஆலா. ஆலா, கடல்மேலேயே பறந்து திரிகிற வெள்ளைப் பறவை. செங்கால் விடியுமுன்னே ஆழ்கடலுக்குப் போய்விடும். அங்கே புரண்டு வருகிற அலைகளை அளந்துகொண்டு, அவற்றுக்கு முந்திக் கரைக்குப் பறந்து வந்து, முறிந்த சவுக்கின் உச்சியில் உட்கார்ந்து அறிவிக்கும். ஒரு நாளும் அது தவறியதில்லை. அதைச் செங்காலே தினமும் ஒருமுறை சொல்லிக்கொள்ளும்.

அலையில் சறுக்குவதில் சுழலி என்ற நீர்நாயை மிஞ்ச ஆளில்லை. கைகளை உடம்போடு ஒட்டி, மார்பை முன்னே தள்ளி, அலையின் நெற்றியில் படுத்தபடியே கரைக்கு வந்து சேரும். ஆனால் சுழலிக்கு அவசரம் அதிகம். யார் எதைச் சொன்னாலும் பாதிப் பேச்சிலேயே கிளம்பிவிடும்.

அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து சுழலியின் வளைக்குள் புகுந்தது. இரண்டு குட்டிகளும் ஈர மண்ணில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்து நடுங்கின. இன்னும் பத்து நாளில் பெருமழை பிடித்துவிடும். அதற்குள் மேட்டில் ஓர் இடம் வேண்டும்.

மேட்டில் இருந்ததோ ஒரே வளை. தாழம்புதருக்கு அடியில், வெள்ளம் எட்டாத வளை. அது கூத்தையன் என்ற நரியிடம் இருந்தது. கூத்தையனுக்குக் காட்டுக்குள் வேறு இரண்டு வளைகள் உண்டு. இதில் மத்தியானத் தூக்கம் மட்டும் போடும்.

"அண்ணே, மழை முடிகிறவரைக்கும் கொடுங்கள். குட்டிகளோடு இருந்துவிட்டுப் போய்விடுகிறேன்," என்றது சுழலி.

கூத்தையன் ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "கொடுக்கலாம் தங்கச்சி. ஆனால் சும்மா வாங்கினால் உனக்கே கௌரவமாக இருக்குமா? நீயோ பேர் போன அலைக்காரி."

"சுற்றி வளைக்காதீர்கள் அண்ணே. நான் என்ன செய்ய வேண்டும்?"

"மூன்று மட்டை என்று ஆலா சொல்கிற நாளில் கடலில் இறங்கு. கரும்பாறை நிற்கிற கோட்டுக்கு அப்பாலிருந்து ஒரே அலையில் வா. நடுவில் கவிழக் கூடாது. கரையில் உன் வயிறு தட்ட வேண்டும். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் முடித்துவிட்டால் வளை உன்னுடையது. மழைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே!"

"முடியாவிட்டால்?"

"வளைப் பேச்சையே எடுக்கக் கூடாது. இந்த மழைக்காலம் முழுக்கத் தினமும் நீ பிடிக்கிற முதல் மீன் எனக்கு."

மூன்று மட்டை அலை வருகிற நாளில் அதுவரை யாரும் கடலில் இறங்கியதில்லை. கூத்தையன் போட்ட கணக்கு அதுதான். சுழலிக்கோ 'மூன்று மட்டை' என்ற சொல்லைக் கேட்டதுமே மயிர் சிலிர்த்துவிட்டது. பெரிய அலை என்றால் நீண்ட சறுக்கல் அல்லவா!

"சரி!" என்றது. சொல்லி முடிக்கும்போது அது பாதி மேட்டை இறங்கியிருந்தது.

நான்காம் நாள் காலையில் செங்கால் மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"கேளுங்கள், கேளுங்கள்! தெற்கே எங்கோ பெருங்காற்று அடித்திருக்கிறது. கடல் மேடு மேடாகப் புறப்பட்டுவிட்டது! நாளைக் காலை, சூரியன் சவுக்குக்கு மேலே ஏறும்போது, மூன்று மட்டை! கரைக்காற்றும் வீசும். அலையின் முகம் கண்ணாடி மாதிரி நிற்கும். நான் என்றைக்காவது தவறியிருக்கிறேனா?"

"இல்லை! இல்லை!" காடே கத்தியது. கீரிகள் மணலை வாரி இறைத்தன. கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்பதையும் மறந்து இரண்டு காலாலும் குதித்தன.

அந்தக் கூச்சலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "அலை சரி. மணலை யாராவது பார்த்தீர்களா?"

அது குறுக்கன் என்ற நண்டு. எதையும் நடந்து பார்த்துவிட்டுத்தான் பேசும். பேச ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்காது.

"சுழலி அக்கா, நேற்று நீர் வற்றியபோது நான் போய்ப் பார்த்தேன். கரும்பாறைக்கும் கரைக்கும் நடுவே ஒரு மணல் திட்டு இருந்ததே, அது இப்போது அங்கே இல்லை. எட்டுக் காலையும் நீட்டினேன், தரை தட்டவில்லை. முந்தாநாள் என் குழியும் சரிந்துபோயிற்று. அதற்கு முந்தின நாள்..."

"உன் குழிக் கதையை அப்புறம் வைத்துக்கொள் குறுக்கா! மூன்று மட்டை! காதில் விழுந்ததா? மூன்று மட்டை!"

"திட்டு ஆற்று வாய்க்கு எதிரே போய்விட்டது அக்கா. அங்கே என்ன ஆகும் என்றால்..."

நண்டு நிமிர்ந்து பார்த்தது. அக்கா அங்கே இல்லை.

"நாளைக்கு வெளியே வந்துவிடாதே குறுக்கா. அலை உன்னை உன் குழியோடு சேர்த்துத் தூக்கிப் போய்விடும்," என்று ஒரு கீரி சொல்ல, எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன.

மறுநாள் விடிந்தது. கரையில் நிற்க இடமில்லை. நடுவராகக் கூழைக்கடா என்ற பை அலகுப் பறவையை உட்கார வைத்திருந்தன. அதன் வாயில் எந்நேரமும் மீன் இருக்கும். ஆகவே யாரோடும் வாக்குவாதத்துக்கு வராது. கூத்தையன் பந்தயத்தின் விதிகளை எல்லோர் காதிலும் விழும்படி ஒருமுறை உரக்கச் சொன்னது. சுழலியின் குட்டிகள் இரண்டும் ஈர மணலில் ஒட்டிக்கொண்டு நின்றன.

சூரியன் சவுக்குக்கு மேலே ஏறியது. அதே நேரத்தில் கடலின் ஓரம் கறுத்தது. கறுப்பு எழுந்தது. எழுந்து நடந்தது.

"வருகிறது! வருகிறது! மூன்று மட்டை! சொன்னேனா இல்லையா?" என்று செங்கால் கூவியது.

சுழலி அப்போதே கரும்பாறைக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்தது. அலை அடிவயிற்றைத் தூக்கியது. அங்கிருந்து பார்த்தால் சவுக்குக் காட்டின் உச்சி தெரிந்தது! சுழலி மார்பை முன்னே தள்ளிப் பாய்ந்தது.

பாறையைத் தாண்டினால் அலை உடைந்து நுரை தள்ளும். அந்த நுரைக்கு முன்னால் சறுக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு அலை உடையவேயில்லை. வழுவழுவென்று சுழலிக்கு அடியில் நழுவிப் போனது. கரையை நெருங்கியதும் திடீரென்று எழுந்து நின்று, ஒரே அடியாகக் கீழே விழுந்தது. சுழலி தலைகீழாகச் சுழன்று, வாய் நிறைய மணலோடு வந்து விழுந்தது.

கூழைக்கடா இல்லை என்று தலையசைத்தது.

"ஒன்று!" என்றது கூத்தையன்.

சுழலி உடம்பை உதறிக்கொண்டு மறுபடி நீந்தியது. இன்னும் பெரிய அலையாகப் பார்த்து ஏறியது. அதுவும் நழுவியது, எழுந்தது, அறைந்தது.

"இரண்டு! தங்கச்சி, முதல் மீன் கொடுவா மீனாக இருக்கட்டும். மடவை தின்று தின்று சலித்துவிட்டது."

மூன்றாவது அலை எல்லாவற்றிலும் பெரியது. அது சுழலியைக் கவிழ்த்ததோடு விடவில்லை. நீருக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டது. உதைத்து மேலே வரலாம் என்று சுழலி காலால் மணலைத் தேடியது. எத்தனையோ முறை உதைத்த இடம் அது. கால் இன்னும் கீழே போயிற்று. இன்னும் கீழே போயிற்று.

தரை தட்டவில்லை!

'எட்டுக் காலையும் நீட்டினேன்' என்ற குரல் அந்த இருட்டுத் தண்ணீருக்குள் சுழலிக்குக் கேட்டது.

அலை பிடியை விட்டதும் சுழலி இருமிக்கொண்டே கரையேறி, நேராகக் குறுக்கனின் குழிக்குப் போனது. பாறையின் நிழல் சுருங்கிக்கொண்டு வந்தது. உச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"குறுக்கா, நேற்றுப் பாதியில் விட்டாயே, மீதியைச் சொல்."

"நான் எங்கே விட்டேன்? நீதான் போய்விட்டாய்."

"தப்பு என்னுடையதுதான். சொல்லப்பா!"

"முதலில், அன்றைக்கு என் குழி சரிந்தது..."

"சரி, குழியிலிருந்தே சொல்." சுழலி வாலால் மணலை அடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து அது ஒரு பேச்சை முழுவதும் கேட்டது அன்றைக்குத்தான்.

"குழி ஏன் சரிந்தது? மணல் தெற்கே போனதால். தெற்கே போன மணல் எங்கே கிடக்கிறது? ஆற்று வாய்க்கு எதிரே, நீண்ட திட்டாக, சாய்ந்து கிடக்கிறது. ஒரு முனை பாறைக்கோட்டுக்கும் அப்பால். மறு முனை கரையோடு. பெரிய அலை வந்தால் அங்கே திட்டு முழுவதும் ஒரே சமயத்தில் உடைந்து வெறும் நுரையாகிவிடும். அதில் ஏறாதே. பெரிய அலைகள் போன பிறகு பின்னால் ஒரு நடுத்தர அலை வரும். ஒன்றரை மட்டை. அது வெளிமுனையில் உடைய ஆரம்பித்து, திட்டின் முதுகோடு சரிந்து சரிந்து வரும். நேராக வராதே அக்கா. சாய்ந்து வா. முடிந்தது."

"முடிந்ததா? வேறொன்றும் இல்லையே?"

"இல்லை அக்கா. ஓடு!"

சுழலி ஆற்று வாய்க்கு எதிரே, பாறைக்கோட்டுக்கு அப்பால் போய் மிதந்தது. ஒரு பெரிய அலை வந்தது. வயிற்றைத் தூக்கி, 'வா, வா' என்று இழுத்தது. சுழலி பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் போகவிட்டது.

கரை முழுவதும் ஊளையிட்டது. "ஏன் விட்டாய்?"

இரண்டாவது வந்தது. அதையும் விட்டது.

"பயந்துவிட்டாள் அலைக்காரி!" என்று கூத்தையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மூன்றாவது வந்தது. செங்காலே பொறுக்க முடியாமல், "அடியே, இதுதான் மூன்று மட்டை! இதை விட்டால் வராது!" என்று கத்தியது. சுழலியின் உடம்பெல்லாம் துடித்தது. ஆனாலும் விட்டது. மூன்று அலைகளும் திட்டின்மேல் விழுந்து, இடிபோல் முழங்கி, வெறும் நுரையாகிப் போயின.

பாறையின் நிழல் பாறைக்குள்ளேயே ஒடுங்க இன்னும் ஒரு சாண்தான் மிச்சம்.

அப்போது, யாரும் கவனிக்காமல், பின்னாலிருந்து ஓர் அலை அமைதியாக வந்தது. ஒன்றரை மட்டை. சுழலி பாய்ந்தது!

வெளிமுனையில் அலை உடைந்தது. சுழலி சாய்ந்தது. நுரை பின்னால் துரத்த, கண்ணாடிச் சுவர் முன்னால் எழுந்துகொண்டே போக, நடுவில் ஒரு கறுப்புக் கோடாகச் சுழலி பறந்தது. திட்டு வளைந்த இடத்தில் அலையும் வளைந்தது. அலையோடு சுழலியும் வளைந்தது. "இன்னும்! இன்னும்!" என்று முயல்கள்கூட ஓடாமல் நின்று கத்தின. அலை அரை மட்டையாயிற்று, கால் மட்டையாயிற்று, ஒரு விரல் உயரமாயிற்று. அந்த ஒரு விரல் நீர் சுழலியை ஏந்திக்கொண்டு வந்து, குட்டிகளின் காலடியில் வயிறு தட்ட இறக்கி வைத்தது.

"செல்லாது!" கூத்தையன் எழுந்து நின்றது. "பாறைக்கு நேராக வரவில்லை. மூன்று மட்டை அலையிலும் வரவில்லை."

கூழைக்கடா வாயிலிருந்த மீனை மெதுவாக விழுங்கியது. அது பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசியது.

"மூன்று மட்டை என்று ஆலா சொல்கிற நாளில் இறங்கு என்றாய்; இறங்கினாள். கோட்டுக்கு அப்பாலிருந்து வா என்றாய், வந்தாள். ஒரே அலையில், கவிழாமல், உச்சிக்கு முன்னால் வயிறு கரையில் தட்டிவிட்டது. காலையில் எங்கள் காது கேட்க நீயே சொன்ன விதிகள் இவை. போய் வளையைக் காலி செய்."

கூத்தையன் வாலைத் தாழ்த்திக்கொண்டு மேட்டுக்கு நடந்தது.

செங்கால் கீழே இறங்கி வந்தது. அதன் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது. "சுழலி, நான் சொன்னது தவறா?"

"இல்லை செங்கால். அலை நீ சொன்ன உயரம்தான், நீ சொன்ன நேரம்தான். அது எந்த மணல்மேல் வந்து விழும் என்று நான்தான் கேட்கவில்லை. சொல்ல வந்தவனையும் சொல்லவிடவில்லை."

சொல்லிவிட்டு, சுழலி ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு தாழம்புதரை நோக்கி ஏறியது. இன்னொரு குட்டி தன்னாலேயே பின்னால் ஓடியது.

நீதி: தொலைவிலிருந்து வரும் செய்தி உண்மையாகவே இருந்தாலும், நம் காலடி மண்ணை நடந்து பார்த்தவரின் சொல்லையும் முழுதாகக் கேட்ட பிறகே காரியத்தில் இறங்க வேண்டும்.