பிடி என்று பழக்கியவள்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. ஒரு சொல் இடம் மாறினாலும் பழி நாயின் மேல் விழுந்துவிடும். அதனால் மெதுவாகவே சொல்ல வேண்டும். நீங்களும் மெதுவாகவே கேளுங்கள்.

மலையை ஒட்டிய சீமையை ஒரு ராஜா ஆண்ட காலம். அங்கே மூக்காயி என்றொருத்தி ஆட்டுப்பட்டி வைத்திருந்தாள். கட்டியவன் இல்லை. ஓநாய் வந்து ஆட்டைக் கொண்டுபோகும். அவளுக்குத் தூக்கம் வராது.

ஒருநாள் ராஜாவின் வேட்டைக்காரர்கள் அவளிடம் கூழ் வாங்கிக் குடித்தார்கள். அந்த நன்றிக்கு ஒரு வேட்டைநாய்க் குட்டியைக் கொடுத்தார்கள். "கன்னுக்குட்டி அளவுக்கு வளரும் தாயி. இப்பவே சொல் கேக்கப் பழக்கு" என்றார்கள்.

மூக்காயி அதற்கு மலையன் என்று பெயர் வைத்தாள். குட்டி கயிற்றைக் கவ்வியது. "பிடிடா" என்று சிரித்தாள். முந்தானையைக் கவ்வியது. "பிடிடா" என்று சிரித்தாள். காலைக் கவ்வியது. அப்போதும் "பிடிடா" என்றுதான் சிரித்தாள். கவ்வும்போதெல்லாம் ஓர் உருண்டை களி கொடுத்தாள்.

நாத்தனார் வேலாயி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மதினி, அவன் பல்லு வளருது. உங்க கால் வளரலை."

"குட்டிதானே வேலாயி."

குட்டி வளர்ந்தது. ஓநாய்கள் அந்தப் பக்கமே வரவில்லை. மூக்காயி நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு மத்தியானம் வேலாயியும் அவள் புருஷன் கொண்டையனும் விருந்துக்கு வந்தார்கள். மூக்காயி மோர்ச் செம்பை நீட்டினாள். "இந்தாங்கண்ணே, பிடிங்க" என்றாள்.

மலையன் பாய்ந்து கொண்டையனின் கையைப் பிடித்தான்.

"பிடிக்காதே, பிடிக்காதே" என்று மூக்காயி கத்தினாள். நாயின் காதில் 'பிடி' மட்டும் விழுந்தது; பல் இன்னும் இறுகியது. விடச் சொல்லும் சொல்லை அவள் அதற்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை. வேலாயி களியுருண்டையைத் தூக்கித் தரையில் எறிந்த பிறகுதான் நாய் வாயைத் திறந்தது.

ஊர் கூடியது. நாயை ஈட்டியால் குத்திக் கொல்ல வேண்டும் என்றார்கள். மஞ்சள் பற்றுப் போட்ட கையோடு கொண்டையன் எழுந்தான்.

"அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் செஞ்சான். குத்துறதா இருந்தா என் தங்கச்சியைத்தான் குத்தணும். அப்புறம் எனக்கு மோர் யார் தருவா?"

கூட்டம் சிரித்தது. நாட்டாமை மட்டும் சிரிக்காமல் மூக்காயியிடம் சொன்னார்: "அடுத்த அமாவாசைக்கு நாயை இங்கே கூட்டிவா. எலும்பைக் கவ்வக் கொடுத்து, விடச் சொல்லு. துணியைக் கொடுத்து, விடச் சொல்லு. பிறகு உன் கையைக் கொடுத்து, விடச் சொல்லு. விட்டா நாய் உன்னுது, விடலைன்னா ஈட்டி."

அன்றிலிருந்து மூக்காயி கயிற்றை நீட்டுவாள். நாய் கவ்வியதும் களியைக் கைக்குள் மூடிக்கொண்டு "விடு" என்பாள். இழுக்கமாட்டாள், அடிக்கமாட்டாள். நாயின் வாய் தானாகத் தளரும்வரை காத்திருந்து, தளர்ந்ததும் களியைக் கொடுப்பாள். முதலில் ஒரு பொழுதே போயிற்று. போகப் போக, அடுப்பில் உலை கொதிக்கும் நேரம் போதுமாயிற்று. பிறகு சொன்ன வாய் மூடுமுன் நாயின் வாய் திறந்தது.

அமாவாசையும் வந்தது. மலையன் எலும்பை விட்டான். துணியை விட்டான். மூக்காயி தன் கையை நீட்டினாள். "பிடி" என்றாள். பற்கள் தோலில் பதிந்தன. ஈட்டிக்காரன் ஓரடி முன்னால் வந்தான். மூக்காயி வாயைத் திறந்தாள். "விடு" என்ற சொல் வெறும் மூச்சாகத்தான் வந்தது.

மலையன் விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

நாட்டாமை ஈட்டியை இறக்கச் சொன்னார். ஊரே பாராட்டியது. ஆனால் மூக்காயியின் பயம் போகவில்லை, போகாததே நல்லதாயிற்று. யார் வாசலுக்கு வந்தாலும், முதலில் மலையனைப் பட்டிக்குள் விட்டுப் படலைச் சாத்துவாள். சாத்தியதை ஒருமுறை இழுத்தும் பார்ப்பாள். அதன் பிறகுதான் மோர்ச் செம்பைத் தொடுவாள்.

பலமுள்ள உயிரை வளர்க்கிறவர்கள், பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் முன்னே விடச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.