விழுப்பரையரின் நுழைவோலை

முன்னொரு காலத்தில், மணியாற்றின் வடகரையில் வெண்குன்றம் என்றொரு நாட்டை மந்தாரவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட, காலையில் தோன்றியதை மாலைக்குள் சட்டமாக்கினான் என்பது பொருத்தம். ஒருநாள் அவன் யாழ் வாசிக்கையில் தென்கரை வணிகன் ஒருவன் கொட்டாவி விட்டான். மறுநாளே, நுழைவோலை இல்லாமல் தென்கரையிலிருந்து எவரும் உள்ளே வரக் கூடாது என்று கல்லில் பொறித்தாகிவிட்டது. "இதன் விதிகளை நானே நினைத்தாலும் மாற்ற முடியாது, நுழைவோலை அதிகாரி மட்டுமே மாற்றலாம்" என்ற வரியையும் அரசன் ஆசையாகச் சேர்த்துக்கொண்டான். அரசனையே கட்டுப்படுத்தும் சட்டம் வைத்திருப்பது அந்த ஆண்டு அரசர்களிடையே நாகரிகமாக இருந்தது.

அதிகாரிப் பதவி விழுப்பரையருக்குப் போனது. அமைச்சர் இளம்பூதியின் ஆசனத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தவர் அவர். இருபத்தேழு ஓலை நிறைய விதி எழுதினார். ஆறு மாதத்துக்குள் வரைந்த உருவப்படம் வேண்டும். அதில் இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிப்பு தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறவர் திரும்பிப் போய்விடுவார் என்பதற்கு ஆதாரமாக வெளியே வீடும் நிலமும் துணையும் காட்ட வேண்டும். மூன்று ஆண்டுகளில் உள்ளே வந்தது ஒரே ஒரு ஆடு. அதுவும் விதிகளைப் படிக்காத ஆடு.

இந்த நிலையில்தான் அரசனுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. அரண்மனை வைத்தியர்கள் பாடல் பாடலாக மேற்கோள் காட்டினார்கள், பல் அசையவில்லை. அந்தப் பல்லைப் பிடுங்கக்கூடிய ஒரே ஆள், தென்கரைப் பல்வைத்தியச்சி நல்லாத்தாள்.

"பௌர்ணமிக்குள் பல் போக வேண்டும், இளம்பூதி. இல்லாவிட்டால் உம் பதவி போகும்" என்றான் அரசன்.

"விதியை மாற்ற வேண்டாம், நல்லாத்தாளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு என்று தங்கள் வாயால் சொல்லிவிட்டால்..."

"விதி விதிதான்." இது அரசன் தெளிவாகப் பேசிய கடைசி வாக்கியம். மறுநாள் தாடை வீங்கி வாய் பூட்டிக்கொண்டது.

நல்லாத்தாளின் முதல் விண்ணப்பம் திரும்பிவந்தது: படத்தில் புன்னகை. இரண்டாவதும் திரும்பியது: இடது காதைக் கூந்தல் மறைத்திருந்தது. மூன்றாவதன் மேல் விழுப்பரையர் தம் கையாலேயே எழுதினார்: "கைம்பெண். கணவன் இல்லாதவள் எதற்காகத் திரும்பிப் போவாள்?"

படகில் பதில் வந்தது: "கணவன் இருந்தவரைதான் ஐயா, வீடு திரும்ப எனக்கு மனம் வந்ததில்லை."

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. விழுப்பரையர் அமைச்சரின் ஆசனத்துக்கு மெத்தை தைக்கச் சொல்லியிருப்பதாகச் செய்தி. இளம்பூதி இருபத்தேழு ஓலைகளையும் மறுபடி படித்தார். அவற்றை முழுதாகப் படித்த முதல் ஆள் அவர்தான், எழுதியவர் உட்பட. பிறகு அவைக்குப் போனார்.

"விழுப்பரையரே, அந்தப் பெண் வெறும் ஓலைக்கு அடங்க மாட்டாள். தாங்களே நேரில் போய் விசாரித்து, முகத்துக்கு நேரே மறுத்தால்தான் தென்கரைக்குத் தங்கள் பெருமை புரியும். குடை, முரசு எல்லாம் நான் ஏற்பாடு செய்கிறேன்."

"அமைச்சருக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது" என்றார் விழுப்பரையர். முரசு முழங்கப் படகேறினார். தென்கரையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஓலைக்காகக் கூடாரமடித்துக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நல்லாத்தாளை நாலாவது முறையாக மறுத்துவிட்டு, மதிய உணவுக்குத் திரும்பினார். துறையில் காவலன் கொற்றன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"நுழைவோலை காட்டுங்கள், ஐயா."

"நான் யார் தெரியுமா?"

"தெரியும் ஐயா. ஆளைப் பார்க்காதே, ஓலையைப் பார் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்."

கரையில் இளம்பூதி ஓலைக்கட்டோடு நின்றார். அருகே பல்லக்கில் அரசன், கன்னத்தில் ஒத்தடத் துணியோடு. "கொற்றன் சொல்வது சரி" என்றார் இளம்பூதி. "சட்டத்தில் 'தென்கரையிலிருந்து எவரும்' என்றுதான் இருக்கிறது. இங்கே பிறந்தவர் தவிர என்று விதிகளில் சேர்க்க நீங்களும் மறந்துவிட்டீர்கள்."

"அப்படியானால் விதிவிலக்கு கொடுங்கள்."

"அரசர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். திறக்கத்தான் முடியவில்லை."

பல்லக்கிலிருந்து ஒரு முனகல் வந்தது. விழுப்பரையர் படகிலேயே தமக்கு ஓலை எழுதத் தொடங்கினார். படம் கேட்டான் கொற்றன். தண்ணீரில் நிற்கும் படகில் ஓவியனுக்கு எங்கே போவது? எழுத்தாணியால் பட விதியை அடித்தார்.

"திரும்பிப் போவதற்கு ஆதாரம்?" என்றார் இளம்பூதி.

"எங்கே திரும்பிப் போவது? என் வீடு இங்கே இருக்கிறது. மனைவி இங்கே. பதினொரு பசுக்கள் இங்கே."

"அதுதான் சிக்கல். உள்ளே விட்டால் இந்த ஆள் போகவே மாட்டார் என்று தெளிவாகத் தெரிகிறது. எழுதிக்கொள், கொற்றா: மறுக்கப்பட்டது."

வெயில் ஏறியது. குடை பிடித்தவனுக்கும் ஓலை இல்லை என்பதால் அவனும் படகில்தான் இருந்தான். ஆனால் குடையைத் தனக்கே பிடித்துக்கொண்டான். விழுப்பரையருக்கு நா வறண்டது. திரும்பிப் போகும் விதியையும் அடித்தார். இளம்பூதி அடுத்த ஓலையை மெதுவாக எடுத்து நீட்டினார். விழுப்பரையர் அதையும் அடித்தார். சாயும் பொழுதுக்குள் இருபத்தேழு ஓலைகளும் வெற்று ஓலைகளாயின. இனி கேட்டவருக்கெல்லாம் நுழைவோலை உண்டு.

அக்கரைக் கூட்டம் படகுகளோடு ஆற்றில் இறங்கியது. ஆனால் அத்தனை பேரும் வழிவிட்டு நல்லாத்தாளை முன்னால் தள்ளினார்கள். "நீ முதலில் போ தாயே. வலி தீராவிட்டால் இந்த மனிதர் இன்னொரு சட்டம் போடுவார்."

அவள் அரசனின் தாடையில் கிராம்புத் தைலம் தடவி, வாய் நெகிழ்ந்ததும் குறடு விட்டு ஒரு திருகு திருகினாள். பல் மணலில் விழுந்தது. அரசன் நெடுநேரம் வாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தான்.

"இளம்பூதி, உம் ஆசனம் உம்முடையதே, அந்தப் புது மெத்தையும் சேர்த்து. நல்லாத்தாள், நீ இங்கேயே அரண்மனை வைத்தியச்சியாக இருந்துவிடு."

"மன்னிக்கணும் மகாராஜா. திரும்பிப் போவேன் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரும் நம்பவில்லை."

"நம் விழுப்பரையர்?" என்றான் அரசன்.

"வரிசையில் இருக்கிறார், அரசே" என்றார் இளம்பூதி. "விண்ணப்பித்த வரிசைப்படி நானூற்றுப் பதினான்காவது ஆள்."

"வரிசை குலைய வேண்டாம்" என்றான் அரசன், புதிதாகக் கிடைத்த வாயால்.

நல்லாத்தாள் தென்கரைக்குப் படகேறினாள். வரிசையின் கடைசிப் படகைக் கடக்கும்போது விழுப்பரையரின் சிவந்த முகத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தாள். "அப்படியே இருங்கள் ஐயா" என்றாள். "இரண்டு காதும் நன்றாகத் தெரிகின்றன. சிரிப்பும் இல்லை."