இலை நிறைய சம்பா

குருந்தங்காட்டு ஜமீன்தாருக்குச் சீரகச் சம்பா மேல் அப்படியொரு பைத்தியம். வேலியோர அவரை, வரப்புத் துவரை, மேட்டு வரகு, கொல்லைக் கத்தரி எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லி, ஊர் முழுக்க நெல்லே போட வைத்தார். "மற்றதையெல்லாம் அக்கரைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்" என்றார். பைத்தியத்தோடு அதிகாரமும் சேர்ந்துவிட்டால் ஊர் என்ன செய்யும்? நெல் போட்டது.

ஐப்பசியில் ஆறு பெருகி, பரிசல் நின்றுபோனது. பருப்புப் பானை, புளிப் பானை எல்லாம் காலி. அன்று பார்த்துத்தான் சம்பந்தியாகப் போகிறவர் கல்யாணம் பேச இக்கரைச் சாலை வழியாக வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

ஜமீன்தார் சமையல்காரன் குப்பாண்டியைக் கூப்பிட்டார். "சம்பந்தி இலையில் ஓர் இடம் காலியாக இருந்தாலும் உன் தோலை உரித்துவிடுவேன்!"

"ஆகட்டும் எஜமான்."

பந்தி போட்டார்கள். ஊறுகாய் வைக்கும் மூலையில் துளி சோறு. கூட்டு, பொரியல் இருக்க வேண்டிய இடத்தில் சோறு. அப்பளத்துக்குத் தட்டையாகத் தட்டிய சோறு. நடுவில் மலையாகச் சோறு. அதன்மேல் குப்பாண்டி பவ்யமாகக் குனிந்து, வடித்த கஞ்சியை ஊற்றி, "சாம்பாருங்க" என்றான்.

"என்னடா இது?" ஜமீன்தார் கத்தினார்.

"நம்ம ஊர்ல விளையுற அத்தனையும் இலையில இருக்குங்க எஜமான், ஒண்ணைக்கூட விடலை. பருப்பும் காயும்தான் அக்கரையில பரிசலுக்குக் காத்துக்கிட்டு நிக்குது."

சம்பந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கல்யாணத்தை மாசியில வச்சுக்குவோம். இப்ப விதை போட்டா அதுக்குள்ள அவரை காய்ச்சிடுமாப்பா?"

"எஜமான் கண்ணுல படாம இருந்தா காய்ச்சிடுங்க" என்றான் குப்பாண்டி.