பலேமோன் கேட்ட தண்ணீர்ச் சாடி

கப்பலேறி மாதக்கணக்கில் போனால் வருகிற யவனர் கடலில் பிரோனா என்று ஒரு தீவு. முன்னொரு காலத்தில் அதை அமிந்தோர் என்ற ராஜா ஆண்டுவந்தான். தங்கமான ராஜா. நாடகம் எழுதுவான், அது ஒன்றுதான் குறை. யவனர்களுக்கு நாடகம் என்றால் உயிர். திருவிழா வந்துவிட்டால் ஊரே மலைச்சரிவில் வெட்டிய படிகளில் காலையிலேயே இடம்பிடித்து உட்கார்ந்துவிடும். அந்த வருஷம் ராஜா எழுதிய சோக நாடகம் அரங்கேறியது. கதாநாயகன் செத்து விழுந்தான். விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து இன்னும் நாற்பது வரி பேசினான். முன்வரிசையில் இருந்த மந்திரி பலேமோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்ததும் ஊரே சிரித்தது.

அன்றோடு ராஜா அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டான். முப்பது வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இருவரும். பலேமோனுக்கு வீட்டில் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

"போய் மன்னிப்புக் கேட்டால் என்ன?" என்றாள் மனைவி மெலிதா.

"கேட்கத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நாற்பது வரி நினைவு வந்துவிட்டது. மறுபடியும் சிரித்துத் தொலைத்தேன்."

அரசவையில் இரண்டாவது ஆசனத்துக்காரன் லைகஸ். பலேமோனின் முதல் ஆசனத்தின்மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். நேரம் பார்த்து ராஜாவின் காதைக் கடித்தான். "மகாராஜா, சில்லு நாள் நடத்திப் பல வருஷம் ஆயிற்றே. மக்கள் மனசில் யார்மேல் என்ன இருக்கிறதோ!"

சில்லு நாள் என்பது அந்தத் தீவின் பழைய வழக்கம். குடிமக்கள் சந்தைத் திடலில் கூடுவார்கள். ஊரைவிட்டுப் போகவேண்டியவன் என்று தான் நினைக்கிற ஆளின் பெயரை ஆளுக்கு ஓர் ஓட்டாஞ்சில்லில் கீறிப் போடுவார்கள். ஒருவன் பெயரில் முந்நூறு சில்லு சேர்ந்தால் அவன் பத்து வருஷம் தீவில் கால் வைக்கக் கூடாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ராஜாவே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது.

"நடக்கட்டும், நடக்கட்டும்" என்று ராஜா வேறு பக்கம் பார்த்துச் சொன்னான்.

சில்லு நாளன்று, ராஜா திடல் மேடையில் வீற்றிருக்க, எண்ணி முடித்தார்கள். பலேமோன் பெயரில் நானூற்றுப் பன்னிரண்டு சில்லுகள். பலேமோனுக்கு வயது அறுபத்துமூன்று. மெலிதாவுக்கு நான்கு அடி நடந்தாலே மூச்சு வாங்கும், கப்பல் பயணம் அவளுக்கு ஆகவே ஆகாது. பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள்? ஆனாலும் அவர் கண் மட்டும் அந்தக் குவியலைவிட்டு நகரவில்லை.

"போகிறவருக்கு ஒரு விருப்பம் கேட்கலாம், அதுதானே வழக்கம்" என்றான் லைகஸ், தேன் ஒழுக. "கேளுங்கள் ஐயா."

"நம் ஊர் ஊற்றுத் தண்ணீர் ஒரு வாய் குடிக்க வேண்டும்" என்றார் பலேமோன்.

"ஏய், ஒரு சாடி கொண்டு வாருங்கள்!"

"வேறு சாடி எதற்கு, லைகஸ்? இந்தச் சில்லுகளையே சேர்த்துச் சாடியாக்கி அதில் குடிக்கிறேன். என்னைப் போகச் சொன்ன அத்தனை பேர் கையாலும் குடித்த மாதிரி இருக்கும்."

லைகஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "நானூறு வீட்டு உடைசல் எப்படி ஐயா ஒரு சாடியாகும்?"

"ஆகாதுதான். ஆகாமல் போனால் தாகத்தோடு கப்பலேறிவிடுகிறேன்."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குயவர் நாலு பேர் களிமண்ணோடு உதவிக்கு வந்தார்கள். மற்றவர்கள் பெயரில் விழுந்திருந்த சில்லுகளில் அடுப்புக்கரி இருந்தது, எண்ணெய்க் கறை இருந்தது, கூரை ஓடுகூட இருந்தது. பலேமோன் பெயர்ச் சில்லுகளோ ஒரே சிவப்பு, விளிம்பெல்லாம் புது உடைசல். ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்தின. அடி வந்தது, வயிறு வந்தது, கழுத்து வந்தது, ஆள் உயரத்துக்கு ஒரு சாடி நின்றது. வயிற்றைச் சுற்றிக் கறுப்பு மையில் டால்ஃபின்கள் துள்ளின.

"இது லைகஸ் மகள் கல்யாணச் சாடி இல்லையா?" என்றான் ஒருவன். "நான் இதிலிருந்துதானே மொண்டு குடித்தேன்!"

"அந்தக் கல்யாணத்துக்கு நான் கொடுத்த சீர் இது" என்றான் ராஜா, ஆசனத்தைவிட்டு எழுந்து. "லைகஸ், உன் வீட்டுச் சாடி எப்படி ஊராருடைய மனசாயிற்று?"

லைகஸ் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தான். வேலைக்காரர்களை வைத்து வீட்டிலேயே பெயர் கீறி, எழுதத் தெரியாதவர்கள் கையில் திணித்தவன் அவன்தான்.

"இவனையே அனுப்புங்கள் பத்து வருஷம்!" என்று கூட்டம் கத்தியது.

"வேண்டாம்" என்றார் பலேமோன். "கோடை முழுக்க இந்தச் சாடியிலிருந்து சந்தைக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றட்டும். நானூறு இடத்தில் ஒழுகும், பட்டு உடுத்தி வர வேண்டாம் என்று மட்டும் அவனிடம் சொல்லிவையுங்கள்."

எல்லாச் சில்லும் பொருந்திய பிறகு ஒன்றே ஒன்று மிஞ்சியது. லைகஸ் அதைத் தாவி எடுத்தான். "பாருங்கள்! இது என்னுடையது இல்லை. உண்மையாகவே இவர் போகவேண்டும் என்று எழுதியவன் ஒருவனாவது இருக்கிறான்!"

அதன் விளிம்பில் பொன் பூச்சு மின்னியது. அரண்மனையில் மட்டும் புழங்குகிற கிண்ணத்தின் சில்லு. பலேமோன் சட்டென்று அதைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டார். "யாரோ கோபத்தில் எழுதியது. விட்டுவிடுங்கள்."

"யாரோ இல்லை" என்றான் ராஜா. படியிறங்கி, கூட்டத்தின் நடுவே, அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். காது வரைக்கும் சிவந்திருந்தது. "நான்தான் எழுதினேன். பத்து வருஷம் என்று நினைத்து எழுதவில்லை, பலேமோன். நீ போயிருந்தால் மூன்றாம் நாளே நானே படகேறித் தேடி வந்திருப்பேன்."

"உங்களுக்குப் படகில் ஏறினாலே வாந்தி வருமே, மகாராஜா."

"அதைத்தானய்யா சொல்கிறேன்!"