நரிக்குக் கிடைத்த பார்வை

கோரைக்குளத்தில் ஒரு நரி இருந்தது. அதற்கு வாத்து என்றால் உயிர். உயிர் என்றதும் அன்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

மழைக்காலம் முடிந்ததும் வடக்கேயிருந்து வரித்தலை வாத்துகள் கூட்டமாக அந்தக் குளத்துக்கு வரும். தலையில் இரண்டு கறுப்புக் கோடும் கொழுத்த உடம்புமாக ஒவ்வொன்றும் அவ்வளவு பெரியது. நரி கரையில் உட்கார்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டு பார்க்கும். எழுந்து ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், மொத்தக் கூட்டமும் நடுக்குளத்துக்குப் போய்விடும்.

நரிக்கு ஒரு கூட்டாளி உண்டு, ஒரு காட்டுப்பூனை. இரண்டும் ஒன்றையொன்று மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்ளும். நரிக்கும் பூனைக்கும் எந்த வழியில் மச்சான் உறவு வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். தின்பதில் பங்கு இருந்தால் உறவு தானாக வந்துவிடும்.

வெறும் பல்லையும் நகத்தையும் நம்பிப் பயனில்லை, வாத்து பிடிக்க நல்ல கருவி வேண்டும் என்று இரண்டும் பேசி முடிவு செய்தன. முதலில் நரி சேற்றில் நன்றாகப் புரண்டு, எருமைக்கன்று போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தது. வாத்துகள் நிதம் எருமைகளோடு மேய்கிறவை. வாலைப் பார்த்ததுமே பறந்துவிட்டன. அடுத்தாற்போல் தலை நிறையக் கோரையைச் செருகிக்கொண்டு புதர் மாதிரி தண்ணீரில் நகர்ந்தது. இலைகூட அசையாத நேரத்தில் ஒரு புதர் நடந்து வந்தால் எந்த வாத்து நம்பும்? பிறகு மீன்பிடிக்கிறவர்கள் கரையில் காயப்போட்டிருந்த வலையை இழுத்துக்கொண்டு வந்தன. அதில் பூனையின் நாலு காலும் மாட்டிக்கொண்டன. அன்றைய பொழுது முழுக்க நரிக்குத் தன் மச்சானை வலையிலிருந்து கடித்துக் கடித்து எடுப்பதிலேயே போயிற்று.

பூனைக்கு அலுத்துவிட்டது. தவளையே போதும் என்றது. நரி விடவில்லை.

"இதுவரைக்கும் நமக்குத் தோதான கருவியைத்தான் எடுத்தோம் மச்சான். வாத்துக்குத் தோதானது எதுன்னு பார்க்கவே இல்ல" என்றது.

அன்று முதல் அது வாத்துகளைக் கவனித்தது. ஒரு விஷயம் புரிந்தது. பறந்து வருகிற வாத்துகள் உடனே இறங்குவதில்லை. மேலே வட்டமடித்து, "யாரு இருக்கீங்க?" என்று குரல் கொடுக்கும். கீழேயிருந்து இன்னொரு வாத்து, "வாங்க, தண்ணி நல்லாயிருக்கு" என்று சொன்னால்தான் இறங்கும். பதில் வராவிட்டால் அடுத்த குளத்துக்குப் போய்விடும். இது அவற்றின் வழக்கம். ஒரு வாத்தின் வார்த்தையை இன்னொரு வாத்து சந்தேகப்பட்டதாகக் கேள்வியே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சாம்பிக்கு அந்த விபத்து நடந்தது.

சாம்பி ஒரு பெண் வாத்து. வாத்தை 'அது' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இவளை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புருஷனும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவள். ஒரு காலையில் மூடுபனிக்குள் பறந்தபோது மொட்டைப் பனையில் மோதி, சிறகு முறிந்து கோரைக்குள் விழுந்தாள். நரியின் தொல்லை தாங்காமல் அன்றைக்குக் கூட்டம் வேறு குளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. பனியில் அவள் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

நரி பார்த்தது. கிட்டே வந்தது. சாம்பி கண்ணை மூடிக்கொண்டாள்.

கடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், நரி அவள் முன்னால் நெற்கதிர்களைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. "சாப்பிடு தங்கச்சி" என்றது.

அவளுக்கு நம்ப முடியவில்லை. ஆனால் மறுநாளும் கதிர் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வெயில் அடித்தால் நரி கோரையை வளைத்து நிழல் செய்தது. பருந்து தாழப் பறந்தால் உறுமி விரட்டியது. பூனை அவளைச் சுற்றிச் சுற்றி வந்து நாக்கைச் சப்புக்கொட்டியபோது, நரி அதை அதட்டியதை அவள் தன் காதாலேயே கேட்டாள்.

"இவ மேல நகம் பட்டுச்சுன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். இவதான் நமக்குப் பார்வை. பார்வையைத் தின்கிறவன் உண்டா?"

பார்வை! சாம்பி பூரித்துப் போனாள். தன் கூட்டத்தில்கூட யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. பக்கத்துக் கோரையில் குடியிருந்த தாழைக்கோழியைக் கூப்பிட்டு, நரியண்ணன் என்னைத் தன் கண் என்கிறார் என்று பெருமையாகச் சொன்னாள். நரி வாயிலிருந்து வருகிற எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும் என்றது தாழைக்கோழி. சாம்பிக்கு வந்ததே கோபம். ஆபத்தில் எட்டிப் பார்க்காதவர்கள் உதவுகிறவரைக் குறை சொல்ல மட்டும் வந்துவிடுகிறார்கள் என்று சுருக்கென்று கேட்டுவிட்டாள். தாழைக்கோழி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அது சொன்னதில் நியாயம் இருந்தது. இவள் கேட்டதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

ஒரு மாலையில் வானத்தில் குரல் கேட்டது. அவளைத் தேடிக்கொண்டு அவள் வீட்டுக்காரனும் பிள்ளைகளும் இன்னும் சில வாத்துகளும் வந்திருந்தார்கள்.

"உன் சனம் வந்திருக்கு தங்கச்சி. கூப்பிடு. என்னைப் பார்த்தா பயப்படுவாங்க, நான் ஒதுங்கிக்கிறேன்" என்றது நரி. அதன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"யாரு இருக்கீங்க?" என்றது மேலிருந்து வந்த குரல். அது அவள் வீட்டுக்காரன் குரல்.

"நான்தான்! வாங்க, தண்ணி நல்லாயிருக்கு!" என்றாள் சாம்பி.

முன்னால் இறங்கியது அவன்தான். கால் தண்ணீரில் படும்போதே கோரை இரண்டு பக்கமும் பிளந்தது. "போயிடுங்க, போயிடுங்க!" என்று சாம்பி அலறினாள். மற்ற வாத்துகள் எழும்பிவிட்டன. அவன் எழும்பவில்லை. அவள் அலறியதைக் கேட்டு, அவளுக்குத்தான் ஏதோ ஆபத்து என்று அவளை நோக்கி ஓடிவந்தான். நரிக்கு அதிக வேலை இருக்கவில்லை.

நரியும் பூனையும் தின்று முடிக்கும் வரை சாம்பி அங்கேயேதான் இருந்தாள். அவளால் வேறு எங்கே போக முடியும்? கடைசியில் நரி அவள் பக்கம் வந்தபோது ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"பார்வைன்னா கண்ணு இல்லையா அண்ணே?"

நரி உண்மையாகவே ஆச்சரியப்பட்டது.

"உனக்குத் தெரியாதா? மலையடிவாரத்துல வேட்டைக்காரன் ஒரு கவுதாரியைக் கூண்டுல வச்சுக் கூவ விடுவான். அதை நம்பி மத்த கவுதாரிங்க வந்து கண்ணியில விழும். அந்தக் கூண்டுக் கவுதாரிக்குப் பேருதான் பார்வை. வேட்டைக்கு அதைவிடத் தோதான கருவி கிடையாது."

சொல்லிவிட்டு வழக்கம்போல நெற்கதிரை அவள் முன்னால் வைத்தது. அதன் குரலில் இப்போதும் அதே கனிவு. நடிப்பு இல்லை. நல்ல வேட்டைக்காரன் தன் கருவியை ஈரம் படாமல், துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வான். அந்த மாதிரிக் கனிவு அது.

சாம்பி கதிரைத் தொடவில்லை.

மறுநாள் விடிந்ததும் பிள்ளைகள் இரண்டும் மறுபடி வந்துவிட்டன. அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அவற்றுக்குச் சரியாகத் தெரியவில்லை. கோரைக்குள் ஏதோ பாய்ந்தது, அப்பா எழும்பவில்லை, அம்மா குரல் கேட்டது. இவ்வளவுதான் தெரியும்.

"அம்மா, இருக்கியா?" என்றது மூத்தது.

நரியும் பூனையும் ஏற்கெனவே பதுங்கிவிட்டன. சாம்பி யோசித்தாள். ஓடிப் போங்கள் என்று கத்தலாம். நேற்றுக் கத்தியபோது என்ன நடந்தது? கேட்டவன் தப்பி ஓடினானா? அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை திரும்பிப் போகும்? தன் குரல் எதைச் சொன்னாலும் அது வா என்றுதான் கேட்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் வாயே திறக்கவில்லை.

"கூப்பிடு தங்கச்சி" என்று கிசுகிசுத்தது நரி. அவள் கூப்பிடவில்லை. நரி கோரைக்கு அடியில் நகர்ந்து வந்து, முறிந்த சிறகைப் பல்லால் கவ்வி அழுத்தியது. வலியில் ஒரு சத்தமாவது வரும், அது போதும் என்பது அதன் கணக்கு. சாம்பி அலகைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டாள். நரி இன்னும் அழுத்தியது. அவள் இன்னும் ஆழமாகப் புதைத்தாள்.

மேலே பிள்ளைகள் வட்டமடித்தன. "அம்மா!" என்றன. கொஞ்சம் தாழ வந்தன. பதில் இல்லை. சின்னது அழுதுகொண்டே கேட்டது, "அம்மாவுக்கு நம்ம மேல கோபமா அண்ணே?" சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டும் கிழக்கே திரும்பின. சிறகடிக்கும் ஓசை தேய்ந்து தேய்ந்து நின்றுபோயிற்று.

பூனை கோரையிலிருந்து வெளியே வந்து சோம்பல் முறித்தது.

"கூவாத பார்வையை வச்சுக்கிட்டு என்ன செய்றது மச்சான்?" என்றது.

நரி சாம்பியைப் பார்த்தது. நல்ல கருவி வீணாகிவிட்டதே என்று அதற்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. பிறகு, "நீ கால் பக்கம் எடுத்துக்கோ" என்றது.

நடந்ததை எல்லாம் தாழைக்கோழி கோரை இடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அது உயரப் பறக்கிற பறவை இல்லை. பிள்ளைகளைத் தேடிப் போய், உங்கள் அம்மா கோபத்தால் பேசாமல் இருக்கவில்லை என்று சொல்ல அதனால் முடியவில்லை. அந்த இரண்டு வாத்துகளும் அதற்குப் பிறகு எத்தனையோ குளங்களில் இறங்கின. இங்கே மட்டும் வரவில்லை.

ஒருவர் நம்மைக் கண்போலக் காப்பாற்றினால், எந்த வேலைக்காகக் காப்பாற்றுகிறார் என்பதை நம்மவர்களை அங்கே அழைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.